நகரமும் எளியோர் இல்லமும்

நகரங்கள் வளருந்தோறும் அவற்றின்கண் முதலில் அருகுவது நிலமே. பொருளுடையார் தாம் விரும்பிய வீதியிலே மனை கொள்ளுகின்றனர். நாட்கூலியால் வாழ்வோர் ஆற்றோரத்தும் கால்வாய்க் கரையிலும் குடிசையிட்டுக் கொள்ளுகின்றனர். இவ்வெளியோர்க்கு அரசாங்கத்தார் வீடளிக்கக் கருதுங்கால், மலிவான நிலம் ஊருக்கு வெளியே கிடைத்தலின், பல்லாயிரவரை ஒருசேர அங்குக் குடியேற்றுதல் வழக்கமாகிவிட்டது. சென்னையிலே 2000-ஆம் ஆண்டு தொட்டுக் கண்ணகி நகரிலும், பின்பு பெரும்பாக்கத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஒழுகாத கூரை கிடைத்தது மெய்யே. ஆயினும் வீட்டுவேலையாலும் சிறு வியாபாரத்தாலும் பிழைத்தவர் பலர்க்குப் பிழைப்பிடம் தூரமாயிற்று; பிள்ளைகள் பலருடைய படிப்பு இடையிலே தடைப்பட்டது. ஆதலின், வீடென்பது நான்கு சுவரும் கூரையும் மட்டுந்தானா என்பதை நாம் ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வினாவிற்கு வேறொரு விடை மத்தியப் பிரதேசத்து இந்தூர் நகரிலே காணப்படுகின்றது. அந்நகர வளர்ச்சிக் குழுமத்தார் 1980-களில் ‘ஆரண்யா’ என்னும் குடியிருப்பை அமைக்க முற்பட்டு, அதனை வகுக்கும் பணியைப் பாலகிருஷ்ண தோஷி என்னும் கட்டடக் கலைஞரிடம் ஒப்புவித்தனர். ஏறத்தாழ 85 ஹெக்டேர் நிலத்திலே 6,500 அளவான மனைகள் வகுக்கப்பெற்றன. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். மிகப் பெரியது 475 சதுர மீட்டர். நூற்றுக்கு 65 பங்கு மிக எளியோர்க்கென்றே ஒதுக்கப்பட்டது.

இதன் சிறப்பினை மூவகையாகக் கூறலாம்.

முதலாவது, பலதரத்தாரும் கலந்துறைதல். குடியிருப்பின் நடுவே கடைவீதி அமைய, அதன் இருமருங்கும் ஆறு பகுதிகள் அமைந்தன. ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் எளியோர்க்கும், புறவிளிம்பில் வசதியுடையோர்க்கும் மனைகள் அளிக்கப்பட்டன. இருதிறத்தாரும் ஒரே பூங்காவிலும் ஒரே கடைவீதியிலும் சந்திக்கின்றனர். வேலை தருவோரும் வேலை செய்வோரும் அண்டை வீட்டாராயின், பிழைப்பைத் தேடி நெடுந்தூரம் அலையவேண்டுவதில்லை.

இரண்டாவது, வீடு படிப்படியாக வளர்தல். மிக ஏழைகட்கு முழுவீடு கட்டித் தரப்படவில்லை. மனையும், கான்கிரீட்டு அடித்தளமும், குழாய்நீர் கழிப்பிடம் முதலியவற்றிற்கான சிறு கட்டடமும், ஓர் அறையுமே தரப்பட்டன. எஞ்சியதை அவரவர் கையிற் பொருள் சேருந்தோறும் கட்டிக்கொள்ளலாம். எவ்வெவ்வாறு கட்டலாம் என்பதைக் காட்ட 80 மாதிரி வீடுகள் எழுப்பப்பெற்றன. முன்பணம் குடும்ப வருவாயைப் பொறுத்தது. மிகுதி மாதத் தவணையாகச் செலுத்தப்பட்டது. நமது கிராமத்தார் ஓரறையிலே குடிபுகுந்து, மகன் தலையெடுத்தபின் மற்றோர் அறை சேர்ப்பதனை இது ஒத்திருக்கின்றது.

மூன்றாவது, செலவு ஈடாகும் முறை. பெரிய மனைகளை விற்றதனால் வந்த ஊதியம் சிறிய மனைகளின் விலையைக் குறைக்க உதவிற்று. தருமத்தையே நம்பி நிற்கும் திட்டம் தருமம் வற்றினால் நின்றுபோம்; தன் செலவைத் தானே பெரிதுந் தாங்குவதே நிலைத்து நிற்கும். பத்து வீடுகள் ஒரு கூட்டமாய் அமைந்து, ஒவ்வொன்றின் பின்னும் முற்றம் பெற்றமையால், காற்றும் வெளிச்சமும் செலவின்றிக் கிடைத்தன. இத்திட்டம் 1995-இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசைப் பெற்றது.

குறையே இல்லையோ எனின், உண்டு. மனையின் மதிப்பு உயருங்கால், பணமுடையோர் விலைகொடுத்து வாங்க, எளியோர் விற்று வெளியேறுகின்றனர். நோயோ திருமணமோ நேரின் அவ்விலை பெரிதாகத் தோன்றுதல் இயல்பு. ஆகவே கட்டுவதோடு அரசாங்கத்தாரின் கடமை முடிவதன்று. வாடகை வீடுகளும், குறைந்த வட்டிக் கடனும் உடன் வேண்டற்பாலன.

இம்முறை நமக்குப் புதிதுமன்று. சென்னையிலும் 1970-களின் பிற்பகுதியில், உலக வங்கியின் உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலே பலதரத்தார்க்கும் மனைகள் ஒருங்கு வகுக்கப்பெற்றன. அன்று ஓரத்தில் இருந்த அவ்விடங்களை நகரம் வளர்ந்து தன்னுள் அடக்கிக்கொண்டது. முன்பே செய்துகாட்டிய ஒன்றை மீண்டுஞ் செய்தல் அரிதோ?

நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவருட் சிலர் பொறியாளராவர், சிலர் அதிகாரிகளாவர், பலர் வீடுகட்டி வாழ்வர். தம் தெருவில் எளியோர்க்கு மனை வகுக்கப்படுங்கால் மறுப்பு மனுவிற் கையெழுத்திடுவோர் பெரும்பாலும் கற்றவரே. அயலானை நேசித்தல் வேண்டுமென்று நாம் கற்றோம். அயலானாக இருத்தற்கு அவனுக்கு நம் அருகில் இடம் வேண்டுமன்றோ?