பேசத் தாமதிக்கும் குழந்தை: காத்திருப்பின் விலை

ஒடிசா மாநிலத்தின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து குஜராத்தின் சூரத் நகருக்கு விசைத்தறி வேலை தேடிச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பம் ஒன்றில் 2 வயது நிறைந்த ஆண் குழந்தை இன்னும் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். "இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று பாட்டி ஆறுதல் கூறுவார். வீட்டில் ஒடியா, தெருவில் இந்தி, அங்கன்வாடியில் குஜராத்தி என மூன்று மொழிகள் காதில் விழுவதே காரணம் என்பர் அண்டை வீட்டார். தந்தைக்கோ 12 மணி நேரத் தறி வேலை. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று குடும்பம் காத்திருக்கிறது. இக்காத்திருப்பு செலவற்றதாகத் தோன்றினாலும் அதற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பது குழந்தையே.

பேச்சு மலரும் படிகள்

பேச்சு திடீரெனத் தோன்றுவதன்று. பிறந்த சில நாட்களிலேயே உரத்த ஒலி கேட்டுக் குழந்தை திடுக்கிடுகிறது. 6 முதல் 9 மாதங்களில் 'பாபா', 'மாமா' என அசைகளை அடுக்கி மழலை பேசுகிறது. ஓராண்டு நிறையும் தறுவாயில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறது. வேண்டிய பொருளை விரலால் சுட்டத் தொடங்குகிறது. பொருளுள்ள முதற்சொல் பிறக்கிறது. 2 வயதில் ஏறத்தாழ 50 சொற்களும், 'பால் தா', 'அப்பா வா' போன்ற இருசொல் தொடர்களும் எதிர்பார்க்கத் தக்கவை.

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் இப்படிகளை ஏறுவதில்லை. 2 வயதில் பேச்சில் பின்தங்கியுள்ள குழந்தைகள் பத்தில் ஒன்றுக்குக் குறையாது. அவர்களுள் பலர் பின்னர் தாமாகவே ஏனையோரை எட்டிவிடுகின்றனர். பாட்டியின் ஆறுதலில் உண்மை உண்டு என்பது இதனால் விளங்கும். ஆனால் எட்டிப் பிடிக்கும் குழந்தை எது, உதவி தேவைப்படும் குழந்தை எது என்பதை வெறும் காத்திருப்பால் அறிய இயலாது. சொல்வதைப் புரிந்துகொண்டு, சைகையாலும் பார்வையாலும் பிறரோடு உறவாடும் குழந்தையைப் பற்றி ஓரளவு நம்பிக்கை கொள்ளலாம். அழைத்தால் திரும்பாத, எதையும் சுட்டிக் காட்டாத குழந்தையையும், முன்பு சொன்ன சொற்களை இழந்துவிட்ட குழந்தையையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

முதலில் செவி

பேசாத குழந்தையின் நாவைப் பெற்றோர் ஆராய்வர். சோதிக்க வேண்டியது முதலில் செவியை. ஒலியைக் கேளாத குழந்தை சொல்லைக் கற்க வழியில்லை. கதவு அறையும் ஓசைக்குத் திரும்புவதால் காது நன்றாகக் கேட்கிறது என்று பலர் முடிவு செய்கின்றனர். பகுதிச் செவிக்குறை உள்ள குழந்தையும் அவ்வாறு திரும்பும். அதன் காதில் மெல்லிய பேச்சொலிகள் மட்டும் விழுவதில்லை. நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதும் கேட்கும் திறனை மங்கச் செய்யும். குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு உள்ளான குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை.

குழந்தை உறங்கும்போதே காதில் சிறு கருவியைப் பொருத்திச் சில நிமிடங்களில் முதற்கட்டச் சோதனையை முடித்துவிடலாம். வலி சிறிதும் இராது. செவி நன்றாயிருப்பின், அடுத்து அறிவு வளர்ச்சி, ஆட்டிசம் முதலியன குறித்த ஆய்வு தொடரும். நாவில் வசம்பு தேய்ப்பதாலும் தேன் தடவுவதாலும் பேச்சு வருவதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்தும் ஆகும். பல மொழிகள் கேட்பதும் பேச்சுக் குறைக்குக் காரணமாகாது. மொழிகள் கலந்து வழங்கும் நாட்டில் எண்ணற்ற குழந்தைகள் இரண்டு, மூன்று மொழிகளைத் தடையின்றிக் கற்றே வளர்கின்றனர்.

காலமே முதலீடு

மூளை மொழியை ஏற்கும் ஆற்றல் முதல் சில ஆண்டுகளில் மிகுந்திருக்கும். ஆகவேதான் பிறந்த 1 மாதத்திற்குள் செவிச் சோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்திற்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறியாக உள்ளது. அரை வயதில் செவிக்கருவி பெறும் குழந்தை ஏனைய குழந்தைகளை ஒட்டிப் பேசப் பழக வாய்ப்பு மிகுதி. 4 வயதில் பெறும் குழந்தைக்கோ அதே கருவியோடு நெடுங்காலப் பயிற்சியும் வேண்டியிருக்கும். பயன் குறைவாகவும் இருக்கக்கூடும். பயிற்சிக்கு உடன் செல்லும் தாய் வேலையை விட நேர்வதும் உண்டு. மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கி மிச்சப்படுத்திய ஒரு நாள் கூலி, பின்னர் பல மாதக் கூலியாகப் பெருகிக் குடும்பத்தின் மீது விழுகிறது.

15 மாதத்திற்கும் 3 வயதிற்கும் இடையே

நாட்டில் இதற்கான அமைப்புகள் இல்லாமலில்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாக விரிந்துள்ளது. 2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்குச் சென்று, வளர்ச்சித் தாமதம் உட்படக் குறைகளைக் கண்டறிகின்றன. மேற்சிகிச்சைக்கு மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. இச்சேவை கட்டணமற்றது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு-செவித்திறன் நிறுவனமும், 1983 முதல் மும்பையில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிறுவனமும் வல்லுநர்களை உருவாக்கி வருகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று.

ஆயினும் இவ்வலையில் ஓர் இடைவெளி உள்ளது. 2018இல் வகுக்கப்பட்ட திட்டப்படி ஆஷா பணியாளர் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் குழந்தையின் வீட்டுக்குச் செல்கிறார். அதன்பின் அவ்வருகை நின்றுவிடுகிறது. குழந்தை நாள்தோறும் அங்கன்வாடிக்கு வரத் தொடங்குவது 3 வயதில். சொற்கள் பெருக வேண்டிய காலமோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அந்நாட்களில் சத்துணவுப் பொட்டலம் பெறத் தாய் மட்டுமே மையத்திற்கு வருகிறார். மருத்துவக் குழு வரும் நாளில் குழந்தையை அழைத்து வராவிட்டால், அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் ஆகும்.

இவ்விடைவெளியை நிரப்பப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. பொட்டலம் வழங்கும் நாளில் பணியாளர் தாயிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புகிறதா? வேண்டியதைச் சுட்டிக் காட்டுகிறதா? எத்தனை சொற்கள் சொல்கிறது? விடைகளைத் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையிலுள்ள வளர்ச்சிப் படிகளோடு ஒப்பிட்டு, ஐயமிருப்பின் குழந்தையை நேரில் வரச் சொல்லலாம். அதனினும் முக்கியமானது பின்தொடர்தல். பரிந்துரைச் சீட்டைப் பெற்ற குடும்பம் மாவட்ட மையத்தை அடைந்ததா என்று விசாரிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சோதனைகள் அனைத்தும் ஒரே நாளில் முடியுமாறு ஏற்பாடு செய்தால், கூலி இழப்புக்கு அஞ்சும் பெற்றோரின் தயக்கம் குறையும்.

வீடே முதற்பள்ளி

மருத்துவரைக் காணும் நாள் வரை வீடு வாளாவிருக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் குழந்தையின் முகம் பார்த்துச் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தல், குழந்தை 'பா' என்றால் 'பால் வேண்டுமா?' என்று விரித்துக் கூறுதல், கேட்டபின் விடைக்காகச் சற்றுப் பொறுத்தல், தாலாட்டும் கதையும் சொல்லுதல் ஆகியவை காசு செலவில்லாத பயிற்சிகள். 'சொல்லு, சொல்லு' என்று வற்புறுத்துவதும், பிற குழந்தைகளோடு ஒப்பிட்டு ஏசுவதும் கூடா. பெற்றோர் தமக்கு நன்கு வந்த தாய்மொழியிலேயே பேசுதல் நலம். கைப்பேசித் திரை உரையாடலுக்கு ஈடாகாது. 2 வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்பது 2021இல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட நெறி. பிறப்பு முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்கென 2024இல் மத்திய அரசு வெளியிட்ட 'நவசேதனா' கட்டமைப்பும், வீட்டிலேயே செய்யத்தக்க இத்தகைய எளிய செயல்களை விளக்குகிறது.

சூரத்தில் வாழும் அக்குடும்பத்தின் குழந்தை நாளை தானாகவே பேசிவிடக்கூடும். அவ்வாறாயின், செவிச் சோதனைக்குச் சென்ற ஒரு நாளே அக்குடும்பத்தின் இழப்பு. அது பேசாமலிருக்கும் குழந்தையாயின், அந்த ஒரு நாளே அதன் எதிர்காலத்தைக் காக்கும். இவ்விரு இழப்புகளையும் எடைபோட்டுப் பார்க்கும் பெற்றோருக்கு வழி எதுவென்பது தெளிவு. அவர்கள் புறப்படும் நாளில் மாவட்ட மையத்தின் கதவு திறந்திருக்கவும் வல்லுநர் உள்ளே இருக்கவும் ஆவன செய்வது ஆட்சியாளரின் கடமை.