குளிர்ந்த அறையில் உறைபெட்டி: தேர்ந்தெடுக்கும் முறை

குளிர்சாதனப் பெட்டியைக் குளிர்ந்த அறையில் வைத்தால் அதன் வேலை எளிதாகிவிடும் என்று கருதுவது இயல்பே. சமவெளியில் வாழ்வோருக்கு இக்கருத்தில் ஐயம் தோன்றக் காரணமில்லை. ஆனால் லடாக், லாஹௌல், ஸ்பிதி போன்ற இமயமலைப் பகுதிகளில், சூடேற்றப்படாத அறையில் பெட்டியை வைத்தால் நேர்வது வேறு. குளிர்காலத் தொடக்கத்தில், மேலறையில் கட்டியாக இருந்த பனி உருகி நீராகிவிடும். நடுக்குளிர்காலத்தில், கீழறையில் உறையக்கூடாத பொருள்கள் உறைந்துவிடும். பெட்டியைப் பரிசோதித்தால் அதில் பழுது எதுவும் இராது. இடத்துக்கு ஏற்ற பெட்டி தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதே குறை.

இக்குறையால் வீட்டில் உணவு கெடும். சுகாதார நிலையத்தில் நேரும் கேடு இதனினும் பெரிது. இந்தியாவில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. சுகாதார நிலையங்களில் அதன் மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் காக்கப்பட வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி பூஜ்யத்துக்குக் கீழ் அரை டிகிரி அளவிலேயே உறையக்கூடியது. ஒருமுறை உறைந்து உருகிய மருந்து மீண்டும் திரவமாகிவிடுவதால், பார்வைக்கு அதன் கேடு எளிதில் புலப்படாது. அதைப் பெற்ற குழந்தைக்கு ஊசி போட்ட வலி மட்டும் மிஞ்சும். எதிர்பார்த்த பாதுகாப்புக் கிட்டாமற் போகலாம்.

பெட்டி வெப்பத்தைக் கடத்தும் விதம்

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. குழாய்களினுள் செல்லும் குளிர்பொருள் உட்புறத்தில் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கி வெளிக்குழாய்களுக்குத் தள்ளுகிறது. அங்கே ஆவி மீண்டும் திரவமாகி, வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. இந்தச் சுற்றை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதைத் தெர்மோஸ்டாட் முடிவு செய்கிறது.

சுவர் வழியே புகும் வெப்பம், ஏறத்தாழ, உள்ளும் வெளியும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உறைபெட்டியின் உள்ளே –18 டிகிரி, அறையில் 32 டிகிரி எனக் கொண்டால் வேறுபாடு 50 டிகிரி. அறை 2 டிகிரிக்குக் குளிர்ந்தால் வேறுபாடு 20 டிகிரியே. புகும் வெப்பம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. எனினும் வெப்பம் உள்ளே புகுவது நிற்பதில்லை. ஆகவே கம்ப்ரஸர் அவ்வப்போது ஓடியே ஆகவேண்டும்.

இரண்டு அறைப் பெட்டியில் நேரும் பிழை

வீடுகளில் பெரிதும் காணப்படும் பெட்டியில் மேலே உறையறையும் கீழே குளிரறையும் உள்ளன. இவற்றுள் பலவற்றில் கம்ப்ரஸர் ஒன்று; தெர்மோஸ்டாட்டும் ஒன்று. அது கீழறையின் வெப்பநிலையை மட்டுமே உணர்கிறது. அறை வெப்பநிலை 3 டிகிரி என்று கொள்வோம். 5 டிகிரியில் இருக்கவேண்டிய கீழறை தானாகவே அதனினும் குளிர்ந்திருக்கிறது. ஆதலால் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை இயக்குவதில்லை. மேலறைக்கோ 21 டிகிரி வேறுபாட்டில் வெப்பம் புகுந்துகொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றுவார் எவருமில்லை. நாளடைவில் பனி உருகுகிறது.

அறை –10 டிகிரிக்கு இறங்கினால் பிழை தலைகீழாகிறது. இப்போது கீழறையிலிருந்து வெப்பம் வெளியே செல்கிறது. சாதாரணப் பெட்டிக்கு வெப்பத்தை வெளியேற்றத் தெரியும். உள்ளே கொண்டுவரத் தெரியாது. ஆகவே கீழறையிலுள்ள மருந்தும் நீரும் உறைகின்றன. தெர்மோஸ்டாட்டைத் திருகி வைப்பதால் இதைத் தடுக்க இயலாது. சில பெட்டிகளில் தெர்மோஸ்டாட்டின் அருகே சிறு சூடேற்றி பொருத்தப்படுகிறது. அது தெர்மோஸ்டாட்டை ஏமாற்றிக் கம்ப்ரஸரை ஓடச் செய்யும். அதனால் மேலறை காக்கப்படும். கீழறை உறைவது தவிர்க்கப்படாது.

கடுங்குளிரில் இயந்திரத்துக்கு நேரும் இடர்

இக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற குளிர்பொருள் பயன்படுகிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இதன் கொதிநிலை ஏறத்தாழ –12 டிகிரி. வெளிக்குழாய்கள் அந்த நிலையை நெருங்கினால், அவற்றில் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது நுண்குழாய் வழியே போதிய திரவம் செல்லாது. மேலும் கம்ப்ரஸரிலுள்ள எண்ணெய் குளிரில் தடிப்பதால், இயந்திரம் புறப்படுவது கடினமாகிறது. கதவோரத்து ரப்பர்ப் பட்டையும் விறைத்து, சரியாக ஒட்டாமற் போகலாம்.

பெட்டியின் தகட்டைப் படிக்கும் முறை

பெட்டியின் பின்புறத்திலோ உட்சுவரிலோ ஒட்டப்பட்ட தகட்டில் தட்பவெப்ப வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். ‘எஸ்.என்.’ எனில் 10 முதல் 32 டிகிரி வரையுள்ள அறைக்கு ஏற்றது. ‘என்.’ எனில் 16 முதல் 32 வரை, ‘எஸ்.டி.’ எனில் 16 முதல் 38 வரை, ‘டி.’ எனில் 16 முதல் 43 வரை. இவற்றுள் எதுவும் 10 டிகிரிக்குக் கீழே உத்தரவாதம் அளிப்பதில்லை என்பது நோக்கத்தக்கது. சில தயாரிப்பாளர்கள் தம் உறைபெட்டி –15 டிகிரி அறையிலும் இயங்கும் எனத் தனியே அறிவிக்கிறார்கள். அத்தகைய எழுத்து மூலமான உறுதி இல்லாத பெட்டியைச் சூடேற்றப்படாத அறைக்கு வாங்கலாகாது.

தேர்ந்தெடுக்கும் படிகள்

முதலில் அறையை அளக்கவேண்டும். பெட்டி நிற்கப்போகும் இடத்தில், அதன் உயரத்துக்கு, உச்ச–நீச வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, கடுங்குளிர் மாதத்தில் ஒரு வாரமும் கோடையில் ஒரு வாரமும் குறிப்பெடுத்தல் நலம். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை –10 டிகிரிக்கும் கீழே செல்வது வழக்கம். கோடைப் பகலோ மிதமான வெம்மை உடையது. தேர்ந்தெடுக்கும் பெட்டி இவ்விரு எல்லைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, உறைய வைப்பதற்கும் குளிர வைப்பதற்கும் தனித்தனிப் பெட்டிகளைக் கொள்ளவேண்டும். மேற்புறம் திறக்கும் தனி உறைபெட்டி, தன் தெர்மோஸ்டாட்டுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. அறை 0 டிகிரியானாலும், –18 டிகிரியைவிட அது வெம்மையானதே. ஆகவே கம்ப்ரஸர் இயங்கக் கூடியதாயின் பெட்டி தன் வேலையைச் செய்யும். மூடியைத் திறக்கும்போது கனமான குளிர்காற்று கீழேயே தங்கிவிடுவதும் ஒரு நன்மை.

மூன்றாவதாக, தடுப்பூசிகளுக்கு வீட்டுப் பெட்டி உதவாது. சுகாதார நிலையங்களில் வழங்கும் ஐ.எல்.ஆர். என்ற பனிச்சுவர்ப் பெட்டியே ஏற்றது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலும் அது குளிரைக் காக்கவல்லது. ஆயினும் அதற்கும் அறையின் கீழெல்லை உண்டு. அறை அதனினும் குளிருமாயின், உட்புறச் சூடேற்றி அமைந்த வகையைப் பெறவேண்டும். அல்லது அறையையே மிதமாகச் சூடாக்க வேண்டும். தெற்கு நோக்கிய கறுப்புச் சுவரும் அதன்முன் கண்ணாடியும் அமைத்துச் சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் முறை லடாக்கில் கையாளப்படுகிறது. எரிபொருள் அரிதான இடங்களில் இது கருதத்தக்கது.

நான்காவதாக, மின்னழுத்தச் சீராக்கி ஒன்றைப் பொருத்துதல் அவசியம். பெட்டியைக் கம்பளியால் போர்த்துவது தவறு. மேற்புறம் திறக்கும் பெட்டிகள் பலவற்றில், வெப்பத்தை வெளியிடும் குழாய்கள் பக்கச் சுவர்களினுள்ளேயே பதிந்துள்ளன.

களப்பணியாளர் கவனத்துக்கு

காலை, மாலை இருவேளையும் பெட்டியின் உள்வெப்பநிலையைப் பதிவு செய்யவேண்டும். ரப்பர்ப் பட்டையைச் சோதிக்க, ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம்; தடையின்றி வந்தால் பட்டை பழுது. கட்டியாக உறைந்து கிடக்கும் உறையக்கூடாத மருந்தை உடனே விலக்கவேண்டும். உறைந்திருக்குமோ என்ற ஐயம் மட்டும் எழுந்தால் குலுக்கல் சோதனை செய்யலாம். அதே தயாரிப்பாளரின் அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்க வேண்டும். அதையும் ஐயத்துக்குரிய குப்பியையும் ஒருங்கே குலுக்கி, அரைமணி நேரம் வரை நோக்கவேண்டும். ஐயத்துக்குரியதில் வண்டல் அதே வேகத்திலோ அதனினும் விரைவாகவோ படிந்தால் அதைப் பயன்படுத்தலாகாது.

ஆசிரியர்கள் காட்டக்கூடிய சோதனை

ஒரே அளவான இரண்டு மூடியுள்ள தகரக் குவளைகளில் 5 டிகிரி நீரை ஊற்றி, துணியால் சமமாகச் சுற்றவேண்டும். ஒன்றை வகுப்பறை மேசைமீதும், மற்றொன்றை ஒரு பாலித்தீன் பையிலிட்டு, மூன்று பங்கு பனிக்கட்டித் தூளும் ஒரு பங்கு கறியுப்பும் கலந்த வாளியிலும் வைக்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துவந்தால், முதலாவது வெம்மையடைவதையும் இரண்டாவது உறைநிலையை நோக்கி இறங்குவதையும் மாணவர் காண்பர். துணி இரண்டிலும் ஒன்றே. அது வெப்பத்தின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறதேயன்றி, அதன் திசையை மாற்றுவதில்லை.

பெட்டியின் சுவரும் அவ்வாறே. ஆகவே, பெட்டியை வாங்குமுன் அறையை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் சாரமாகும்.