தருமப் பணம் நம் ஊர்ச் சங்கத்தைத் தேடி வருவது எப்படி?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு உங்களுள் அநேகர் வேலைக்குச் செல்கிறீர்கள். அங்குள்ள கம்பெனிகள் ஒதுக்கும் தருமப் பணம் எவ்வழியாய், யார் கைக்கு வருகிறது என்பதே இவ்வாரப் பாடம்.

முதலாவது, சட்டம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்தின 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிடச் சொல்லுகிறது. ஆலையின் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்லுகிறது. ஆனால் அந்த முன்னுரிமை வழிகாட்டுதலேயன்றிக் கட்டாயமன்று என அரசாங்கம் விளக்கியுள்ளது. ஆகவே, ஆலை நம் வாசலில் நிற்பதனால் மட்டும் உதவி நம் வாசலுக்கு வந்துவிடாது.

இரண்டாவது, வெளிநாட்டு உதவி. ஜெர்மன் ஆயர்கள் 1958இல் தொடங்கிய மிசரியோர் போன்ற ஸ்தாபனங்கள், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ளூர்ச் சங்கங்களின் மூலமாகவே உதவி செய்கின்றன. முன்னே, பெரிய சங்கம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறு சங்கத்துடன் பகிர வழியிருந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. ஆதலால் சிறு சங்கங்களுக்கு உள்ளூர்க் கம்பெனிகளின் உதவி முன்னிலும் அவசியமாயிற்று.

மூன்றாவது, அவர்கள் தேடும் முறை. தலைமையாசிரியரிடமும், ஏற்கெனவே உதவி பெறும் சங்கங்களிடமும் விசாரிப்பார்கள். பின்பு பத்திரங்களைக் கேட்பார்கள்: சங்கப் பதிவு, வருமான வரித்துறைப் பதிவு, தணிக்கையான கணக்கு, அதே பணியில் 3 ஆண்டு அனுபவம். 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் சி.எஸ்.ஆர்.-1 என்னும் பதிவும் வேண்டும். அதன்பின் நேரில் வந்து பார்ப்பார்கள். திருப்தியானால் ஒப்பந்தம் எழுதி, பெரும்பாலும் தவணையாகத் தருவார்கள். முன் தவணைக்குக் கணக்குக் கொடுத்தால்தான் பின் தவணை வரும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில வருஷங்களுக்கு முன், தாய்மார் சிலர் நடத்திய மாலை வகுப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பாயில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளைக் கண்டு மகிழ்ந்தார். "வருகைப் பதிவேடு உண்டா? செலவுக் கணக்கு உண்டா?" என்றார். நான் வாயால் பதில் சொன்னேன்; காட்ட ஒரு நோட்டுமில்லை. உதவி வேறு ஊருக்குப் போயிற்று. குற்றம் அவருடையதன்று, என்னுடையது. வகுப்பு உண்மையாக நடந்தது. நடந்ததற்குச் சாட்சிதான் இல்லை.

"தருமத்தை மறைவாகச் செய்ய வேண்டுமென்று படித்தோமே, கணக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். சொந்தப் பணத்தை மறைவாய்க் கொடுப்பது புண்ணியம். பிறர் நம்பித் தந்த பணத்துக்கோ, கணக்குக் காட்டுவதே நீதி.

ஆகவே, மாதர் சங்கமோ மாலை வகுப்போ நடத்துவோர் இவ்வாரமே இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்றில் வந்தவர் பெயர், மற்றொன்றில் வரவு செலவு, ரசீதுடன். பதிவு செய்யாத குழுவினர் 7 பேருக்குக் குறையாமல் கூடி, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள் என்றேனே. அதன் முதல் நாள் இன்றாகவே இருக்கட்டும்.