தினமும் கீரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா?



சுந்தரபாண்டியத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவிக்கு ஐந்தாம் மாதம். பரிசோதனையில் ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், 8.2 என்று வந்திருந்தது. கர்ப்பிணிக்கு அது 11-க்குக் கீழே போகக் கூடாது. கணவர் தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்: "நீங்க சொன்னீங்கன்னு தினமும் கீரை வாங்கிப் போடுறேன் சார். பிறகும் ரத்தம் ஏறலைன்னா நான் என்னதான் செய்ய?"

நியாயமான கேள்வி. இருபத்தைந்து வருடமாக "கீரை சாப்பிடுங்கள்" என்று ஊர் ஊராகச் சொல்லி வருகிற எனக்கு அது சுருக்கென்று பட்டது. மதியம் வரை அங்கேயே இருந்து பார்த்தேன்.

முதலில் கணவர் சாப்பிட்டார். பிறகு மாமியாரும் மூத்த பிள்ளையும். அந்தப் பெண் தட்டு எடுத்து உட்காரும்போது மணி இரண்டரை. கீரைச் சட்டியில் கரண்டி அளவுகூட மிச்சமில்லை. ரசம் விட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ. "சாப்பாட்டுக்கு மேல டீத்தண்ணி குடிக்கலைன்னா தலை வலிக்கும் சார்" என்றார். நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அந்த டீயிலேயே விழுங்கினார். கணவர் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் பொருளில் இரும்புச்சத்து இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடம்பு முழுவதும் சுமந்து செல்வது அதுதான். மாதவிலக்கில் பெண்ணுக்கு மாதாமாதம் இரும்பு நஷ்டமாகிறது. கர்ப்பம் தரித்தால் பிள்ளைக்கும், நச்சுக்கொடிக்கும், தாய்க்குக் கூடுதலாக ஊறும் ரத்தத்துக்கும் சேர்த்து, பத்து மாதத்தில் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. கிடைக்காவிட்டால் ரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கண்ணின் கீழ் இமை வெளுத்திருக்கும். சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி தின்னத் தோன்றும். வீட்டில் அதை மசக்கை என்று சிரித்து விட்டுவிடுவார்கள். சிரித்து விடாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்.

பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போவது இயற்கை. நல்ல ரத்தம் உள்ள தாய் அதைத் தாங்குவாள். ரத்தசோகை உள்ளவளுக்கு அதே அளவு போனாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். பிள்ளையும் எடை குறைந்தோ, நாள் நிரம்பாமலோ பிறக்கக் கூடும். இது எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் குறை அல்ல. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது.

இனி கீரைக்கு வருவோம். கீரை, பயறு, தானியம் ஆகியவற்றில் இரும்பு உண்டு. ஆனால் தட்டில் இருப்பதெல்லாம் உடம்பில் சேராது. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. அந்த ஒரு பங்கும் கூடுவதா குறைவதா என்பது, கூட எதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

டீயிலும் காப்பியிலும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது குடலுக்குள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். சோற்றோடு டீ குடித்தால் என்ன ஆகிறது என்று பார்த்த ஓர் ஆராய்ச்சி 1975-ல் வெளியானது. சேரும் இரும்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்துபோனது. டீயை அடியோடு விடச் சொல்லவில்லை. தறிக்காரரிடமும் வயல் வேலைக்காரரிடமும் அப்படிச் சொன்னால் நம் பேச்சு எடுபடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், போதும்.

டீக்கு நேர் எதிர் எலுமிச்சை. அதிலும் நெல்லிக்காய், கொய்யாவிலும் இருக்கும் வைட்டமின் சி, இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். ஆனால் அது சூட்டில் அழியும். ஆகவே கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பின், சாப்பிடும்போது எலுமிச்சையைப் பிழியுங்கள். பயறை முளைகட்டினாலும், கம்பங்கூழை இரவெல்லாம் புளிக்க வைத்தாலும் இரும்பு கூடுதலாகச் சேரும். நம் பாட்டிமார் ருசிக்காகப் புளிக்க வைத்ததில் இந்த லாபமும் இருந்திருக்கிறது.

கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும். ஆட்டுச் சுவரொட்டி விலையும் குறைவு, இரும்பும் அதிகம். நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் அடிக்கடி சாப்பிட வேண்டாம். அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது, பிள்ளைக்கு ஆகாது.

பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். போதாததற்கு, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பு சேர்வதைத் தடுக்கவும் செய்யும். எலும்புக்குப் பால் வேண்டும், குடியுங்கள். இரும்பு மாத்திரையோடு மட்டும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாமல், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் போடுங்கள்.

கர்ப்பத்தில் சாப்பாடு மட்டும் போதாது என்பதால்தான் மாத்திரை. நாலாம் மாதம் முதல் தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். ரத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு டாக்டர் கூடுதலாகவோ, ஊசியாகவோ தருவார். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பின் போடுங்கள். மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொக்கிப்புழு இருந்தாலும் ரத்தம் ஏறாது. அது குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக உள்ளே போகும். செருப்பும் கக்கூசும்தான் தடுப்பு. பூச்சி மாத்திரையை நாலாம் மாதத்துக்குப் பிறகு, நர்சம்மா சொல்கிறபடி போடலாம்.

கணவர்களிடம் தனியாக இரண்டு விஷயம். ஒன்று, பிள்ளை பிறந்து இரண்டு வருடமாவது போகாமல் அடுத்த கர்ப்பம் வேண்டாம். செலவான இரும்பு உடம்பில் திரும்பச் சேர அவ்வளவு காலம் வேண்டும். அதற்கான கருத்தடை முறைகளை இருவரும் சேர்ந்தே வந்து கேளுங்கள். இரண்டு, சட்டி காலியாகும் முன்பே அவளுக்கும் ஒரு தட்டில் போட்டு வையுங்கள், முடிந்தால் சேர்ந்தே உட்காருங்கள்.

அந்த வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார்தான் முதலில் பேசினார். "நாங்கல்லாம் கடைசியாத்தான் தின்னோம், பிள்ளை பெக்கலையா?" என்றார். "உங்களுக்கு எத்தனை பிரசவம் அம்மா?" என்று கேட்டேன். "ஆறு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கிறது மூணு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு ரத்தம் 10.1. இன்னும் ஏற வேண்டும். மாத்திரை அட்டை பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில், தறிக்கு மேலே செருகியிருந்தது. மிட்டாய் என்று சின்னப் பிள்ளைகள் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நான் சொன்னதை மாமியார் நினைவில் வைத்திருந்தார். மருமகளுக்குக் கீரையை முதலில் எடுத்து மூடி வைப்பதும் இப்போது அவர்தான். டீ நாலு மணிக்கு.