ஆய்வின் முடிவும் அவசரத்தின் விலையும்

ஆழமறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஒரு பொருளையோ திட்டத்தையோ மக்களிடம் கொண்டுவருமுன், அதனால் வாழ்வு மாறப்போவோரின் நிலையை ஆராய்தல் அறிவுடைமையாகும். ஆனால் முதலிட்டோர் காத்திரார், தவணை நெருங்கும், "முதலில் தொடங்குவோம், பின்னர் திருத்துவோம்" என்னும் குரல் எழும். இவ்விரண்டையும் எங்ஙனம் சீர்தூக்குவது? நம் ஊவாவிலேயே இதற்குப் பாடமுண்டு.

உமா ஓயாவின் நீரைச் சுரங்கவழியே திருப்பி, 120 மெகாவாட் மின்சாரம் பெற்று, தென்கிழக்கின் வறண்ட நிலங்களுக்கு அந்நீரை ஊட்டுவதே உமா ஓயா பல்நோக்குத் திட்டம். ஈரானிய சனாதிபதி அகமதிநெஜாத் இலங்கை வந்திருந்த 2008 ஏப்ரலிலேயே தொடக்கவிழா நடந்தேறியது. சுற்றாடல் தாக்க மதிப்பீடோ அதன் பின்னரே முடிவுற்றது. விழா முந்திக்கொண்டமையால், "செய்யலாமா?" என்ற வினா "எப்படிச் செய்து முடிப்பது?" என்றாகிவிட்டது.

2014 டிசம்பரில், பண்டாரவளைப் பகுதியில், உடைந்த பாறைகளினூடே நிலத்தடி நீர் சுரங்கத்துள் பாய்ந்தது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புகள் தோன்றின. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளையில் திரண்டு முறையிட்டனர். 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. வறண்ட நிலத்து உழவனுக்கு நீர் வேண்டும்; நாட்டுக்கு மின்சாரம் வேண்டும்; தாமதத்துக்கும் விலையுண்டு. எல்லா ஐயமும் தீர்ந்த பின்னரே தொடங்குவோமெனின் எக்கருமமும் நடவாது. ஆதலின் நாம் கைக்கொள்ளத்தக்க அளவுகோல் இதுவே: பிழை நேர்ந்தால் அதனை மீட்கலாகுமா?

கணினிச் செயலியொன்றில் பொத்தான் இடம் தவறி அமைந்தால் அடுத்த வாரம் மாற்றலாம். சிலரிடம் மட்டும் கொடுத்துப் பார்த்து அதனை வெளியிடுதல் குற்றமன்று. வற்றிய ஊற்றை அடுத்த வாரம் வரவழைக்க இயலாது. அத்தகைய பணியில், சுரங்கமுகத்துக்கு முன்னே துளையிட்டுப் பாறையின் இயல்பை அறிந்து, கசிவிடங்களைச் சீமெந்துக் கலவையால் அடைத்த பின்னரே முன்னேறல் வேண்டும். அதற்குச் செல்லும் நாட்களையும் செலவையும் ஒப்பந்தத்திலேயே கணக்கிடல் வேண்டும். இல்லையேல் தவணை நெருங்குகையில் முதலில் வெட்டப்படுவது அச்சோதனையே.

ஆராய்வோர் யாரைக் கேட்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. தோட்டத்துப் பீலியில் எம்மாதம் நீர் மெலியும் என்பதை லயத்தில் வாழும் பெண் நன்கறிவாள். அவள் சொல் ஏறாத அறிக்கை, எத்துணைப் பக்கங்கள் கொண்டதாயினும், குறையுடையதே.

நம் கல்லூரியிற் பயின்று இன்று பொறியியலாளராயும் வணிகராயும் நிருவாகிகளாயும் விளங்கும் சகோதரர்கள், கையொப்பமிடுமுன் இவ்வினாக்களை எழுப்புவார்களாக. விழாவுக்கு நாள் குறித்த பின்னர் எழுப்பின் கேட்பாரிரார்.