நிறுத்தி வைக்க வாங்காதே

கோயம்புத்தூர்

அன்புள்ள கயல்,

1984 பிரீமியர் பத்மினி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா பெரியப்பா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அதை வெளியே எடுத்து, என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்ட உன்னால் முடியுமா என்று முதலில் யோசி. முடியாதென்றால் வேண்டாம் கண்ணு. பழைய வண்டி ஓடித் தேய்வது குறைவு, நின்று கெடுவதுதான் அதிகம்.

நிற்கிற வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீல் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசினாகப் படிந்து ஜெட்டை அடைக்கும். சீல்கள் காய்ந்து ஆயில் ஒழுகும். இப்போது பங்க்கில் ஊற்றுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனாலும் தண்ணீரை இழுக்கிற சரக்குதான். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. வண்டி கைக்கு வந்ததும் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடு. கசிகிற பெட்ரோல் சூடான என்ஜின் மேல் விழுந்தால் வண்டியே எரிந்துவிடும். பெயின்ட் அடிப்பதெல்லாம் பிறகு.

வாங்கும்போது பாடியைப் பார்த்து வாங்கு. என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க இன்றும் ஆள் உண்டு, ரீபோர் செய்ய லேத் உண்டு. பாடி போனால் சிரமம். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு, பாடியை அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பத்மினிக்கு அப்படியில்லை. பாடியேதான் சேஸ். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிப் பகுதி துருப்பிடித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று அர்த்தம். சென்னைக் கடல்காற்றில் நின்ற வண்டி என்பதால் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கைவிட்டுப் பார். பளபளவென்று புது பெயின்ட் அடித்து நிற்கிற வண்டியைவிட, மங்கிப்போன பழைய பெயின்ட்டோடு நிற்கிற வண்டியை நான் நம்புவேன்.

ஆர்.சி.யையும் பார். 15 வருஷம் முடிந்தபின் ஐந்தைந்து வருஷமாகத்தான் புதுப்பிப்பார்கள். 1984 வண்டி என்றால் 2024-இல் புதுப்பித்திருக்க வேண்டும், பசுமை வரியும் கட்டியிருக்க வேண்டும். சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று உன் கண்ணால் பார். 'வின்டேஜ் வண்டி மேடம்' என்று யாராவது விலையை ஏற்றினால் கேட்காதே. 2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டியதுதான் வின்டேஜ். அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. உன்னுடையது சாதாரணப் பதிவில் இருப்பதே நல்லது. ஓட்டத்தானே வாங்குகிறாய்?

ஓட்டுவதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. 1089 சி.சி. என்ஜின், சுமார் 40 குதிரைசக்தி. கியர் ஸ்டீரிங்கோடு ஒட்டியிருக்கும். நீ இப்போது ஓட்டுகிற வண்டியில் நடக்கிற பாதி விஷயம் உனக்குத் தெரியாமலேயே நடக்கிறது. இதில் எல்லாம் உன் கைக்கும் காதுக்கும் வரும். காலையில் எவ்வளவு சோக் இழுக்க வேண்டும், எப்போது தள்ள வேண்டும் என்பது பழகப் பழகத்தான் பிடிபடும். பாயின்ட் தேய்ந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு தயக்கம் தெரியும். ஃபேன் பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். இதையெல்லாம் கேட்கப் பழகு. முதல் ஆறு மாசம் பாட்டுப் போடாதே.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம்தான், பூஸ்டர் கிடையாது. முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் இப்போது விடுகிற இடைவெளியை இரட்டிப்பாக்கு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, பர்லியாறு தாண்டுவதற்குள் பெடலில் பிடிமானம் குறைந்துவிடும். மே மாசத்து மதியத்தில் மலை ஏறினால் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி என்ஜின் நின்றுபோகும். பதறாதே. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டு ஆற விடு. கிளம்பிவிடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது. சீட் பெல்ட் இல்லையென்றால் அதைப் பொருத்திய பிறகுதான் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

நான் மலைச்சாலையை ரசிக்கக் கற்றதே பத்மினியில்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்கு வளைவும் தெரியும், மரமும் தெரியும். அந்தச் சுகம் உனக்கும் கிடைக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பாகங்களைப் பற்றி ஒன்று. தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகியும் பத்மினிக்கு உதிரிபாகம் கிடைத்து வந்ததென்றால், பம்பாய் டாக்ஸிகளுக்கு அதில் பெரிய பங்குண்டு. 2023 அக்டோபரோடு அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் நின்றுவிட்டது. இனி சரக்கு குறையத்தான் செய்யும். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இருக்கும்போதே பாயின்ட் செட், கன்டென்சர், வாட்டர் பம்ப், வீல் சிலிண்டர் கிட் இவற்றை இரண்டிரண்டாக வாங்கி வை. கூடவே வயதான மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடி. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார், கேள்வி கேள், கூலியில் பேரம் பேசாதே. பாயின்ட் கேப் வைக்கவும், கார்புரேட்டர் கழற்றிக் கழுவவும் உனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை நான் சென்னைக்கு வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. நாங்கள் வந்து பார்க்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வை. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது, சைலன்சரில் என்ன புகை வருகிறது என்பதை நான் நேரில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா