சோதனைக் குழாயில் சேரலாம், அலமாரியில் சேரக் கூடாது

செய்முறைத் தேர்வுக்கு முன்பு ஆய்வக அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். புட்டிகளை ஆங்கில அகர வரிசையில் வைத்தால் எடுப்பது எளிது என்று நான்தான் சொல்லியிருந்தேன். உதவிக்கு வந்த மாணவி ஒரு புட்டியைக் காட்டி, "டீச்சர், வட்டத்துக்கு மேல தீ எரியற மாதிரி படம் இருக்கே, இது பத்திக்குமா?" என்று கேட்டாள். அது செரிக் அம்மோனியம் நைட்ரேட். ஆங்கிலத்தில் அதே எழுத்தில் தொடங்கும் மரக்கரித் தூளும் சைக்ளோஹெக்சேனும் அதன் பக்கத்திலேயே இருந்தன. அன்றே அடுக்கும் முறையை மாற்றினோம்.

பண்புகள்

சீரியம், அணு எண் 58 கொண்ட லாந்தனாய்டு. அருமண் உலோகங்களுள் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்திலும் சீரியம் உண்டு. அதன் வழக்கமான ஆக்சிஜனேற்ற எண்கள் +3, +4. இந்தச் சேர்மத்தில் +4 நிலையில் உள்ளது. ஆரஞ்சு நிறப் படிகம். நீரில் நன்கு கரையும். மூலக்கூறு நிறை சுமார் 548.

மாணவியின் கேள்விக்கு விடை: இது தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரியும் பொருள் இருந்தால் அதன் தீயை வேகப்படுத்தும். அதாவது, வலிமையான ஆக்சிஜனேற்றி.

பயன்கள்

ஆல்கஹாலைக் கண்டறிய உதவும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்த இதன் மஞ்சள் கரைசலைச் சில துளிகள் சேர்த்தால் சிவப்பு நிறம் தோன்றும். லேசாகச் சூடாக்கினால் அந்நிறம் மங்கும். ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைய, சீரியம் +4 இலிருந்து +3 க்கு ஒடுங்குகிறது. ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையை மாணவர்கள் கண்ணாலேயே காண இது நல்ல வாய்ப்பு. மின்னணுத் தொழிலில் குரோமியப் படலத்தை அரித்தெடுக்கவும் இது பயன்படுகிறது.

பாதுகாப்பு

• ஆல்கஹால், கரிம நீர்மங்கள், மரக்கரி, கந்தகம், உலோகத் தூள் ஆகியவற்றிலிருந்து விலக்கி, உலர்ந்த இடத்தில் தனித் தட்டில் வையுங்கள்.
• காகிதத்தில் வைத்து எடையிடாமல் கடிகாரக் கண்ணாடியில் எடையிடுங்கள்.
• சிந்தினால் காகிதத்தாலோ துணியாலோ துடைத்துக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உலர்ந்த நிலையில் அள்ளிவிட்டு, இடத்தை நீரால் கழுவுங்கள்.
• எடுத்ததில் மிஞ்சியதை மீண்டும் புட்டியில் இடாதீர்கள்.
• கண்ணாடியும் கையுறையும் அவசியம். கண்ணில் பட்டால் 15 நிமிடம் நீரால் கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.
• தீப்பிடித்தால் முதலில் மாணவர்களை வெளியேற்றுங்கள். ஆக்சிஜனை இச்சேர்மமே தருவதால், மணல் போட்டு மூடுவதை மட்டும் நம்ப முடியாது. நிறைய நீர் தேவை.

சில துளிகளாகச் சோதனைக் குழாயில் சேர்த்தால் பாடம் சொல்லித் தரும் இரு பொருள்கள், அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒவ்வொரு புட்டியைத் தொடும் முன்பும் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது?" உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.